கொத்தும் கரிக்காடியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் ஒழிக்கப்பட்டதைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு தமிழக–கேரள எல்லைக்கு இப்புறமிருந்தும் அப்புறமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைத் தொடுவதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாடங்களில் சட்டமும் அறிவிப்பும் வருகின்றன, ஓர் அடிமையின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பது மட்டும் வருவதில்லை. நம் பக்கத்து வயல்களில் அது எப்படி இருந்தது?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: நாளைச் சொல்வதற்கு முன் பூவை, அதாவது விளைச்சல் பருவத்தை, சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டில் நெல் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பூவாக விளைவது உங்களுக்குத் தெரிந்ததே. புரட்டாசியில் ஓர் அறுப்பு, மாசியில் ஓர் அறுப்பு. வயலோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட புலையர், பறையர் முதலிய மக்களின் ஆண்டும் இந்த இரண்டு அறுப்புகளைச் சுற்றியே ஓடியது. தொளி கலக்கி உழுவது, மரமடித்துச் சமன் செய்வது, வரப்பு வெட்டுவது, மடை அடைப்பது ஆகியவை ஆண்களின் வேலைகள். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்களின் வேலைகள். அறுப்பும், சூடு என்னும் கதிர்க்கட்டை அடிக்கும் சூடடிப்பும் இருவருக்கும் பொது. கைக்குழந்தை வரப்போர மரக்கிளையில் தூளியில் கிடக்கும். பாலூட்டுவதற்கு எப்போது கரையேறலாம் என்பதை வயலில் நிற்கும் மேலாள்தான் சொல்வான்.

விடிவதற்கு முன் தொடங்கிய வேலை பொழுது சாய்ந்ததும் முடிந்துவிடவில்லை. கதிர் முற்றும் காலத்தில் பன்றிக்கும் பறவைக்கும் காவல் இருக்க வேண்டும். களத்தில் சூடு குவிந்துவிட்டால் திருட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1800-01-இல் மைசூரிலிருந்து மலபார் வரை பயணம் செய்து குறிப்பெடுத்த பிரான்சிஸ் புக்கானன், மலபார் அடிமைகளின் குடிசைகளைப் பெரிய கூடைகளைவிடச் சற்றே மேலானவை என்கிறார். பயிர் நிற்கும்வரை அவை வயலில் இருக்கும்; சூடடிக்கும் காலத்தில் கதிர்ப்போருக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஒரு குறிப்பை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். உழைப்பவன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறான் என்பது நமக்கு இயல்பான எண்ணம். இங்கே வேலை எங்கு நகர்கிறதோ அங்கே வீடு அதன் பின்னால் நகர்ந்திருக்கிறது. உறங்கும் நேரமும் காவல் நேரமாகவே எண்ணப்பட்டிருக்கிறது.

கூலி நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. நம் பக்கத்தில் அதற்குக் கொத்து என்று பெயர். வேலை செய்த நாளுக்குக் கொத்து உண்டு; வேலை இல்லாத ஆடி மாத மழையில் அது குறையும் அல்லது நிற்கும். அப்போது காட்டுக்கிழங்கும் வரப்பு நண்டும் நத்தையும்தான் உணவு. என் சிறு வயதில், வயல் வேலைக்குப் போய்வந்த முதியவர் ஒருவர், “வாரம் அளக்க ஒரு மரக்கால், கொத்து அளக்க ஒரு மரக்கால்” என்று சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். குத்தகை நெல்லை உள்ளே வாங்கும் மரக்கால் பெரிது, கூலி நெல்லை வெளியே அளக்கும் மரக்கால் சிறிது என்பது அவர் சொன்னதன் பொருள். அடிமைக்காலத்திற்கு வெகுநாள் பின்னர் பிறந்தவர் அவர். அவர் காலத்திலும் மரக்கால் இரண்டாகவே இருந்திருக்கிறது.

உடையைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ முரட்டுத் துணி கிடைக்கும். அதை இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகாதபடி உடுத்த வேண்டும். குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் உலோகப் பாத்திரம் வைத்துக்கொள்ளவும் தடை இருந்தது. எருதுக்கு இணையாக மனிதனை நுகத்தில் பூட்டி உழுததைப் பற்றி மிஷனரிகள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படிப்பவர்கள் அந்த ஒரு காட்சியோடு நின்றுவிடுகிறார்கள். அன்றாடக் கொடுமையின் பெரும்பகுதி மரக்காலில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பழைய ஓலைக் கட்டு ஒன்று இருக்கிறது. படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, நிலத்தைக் காணம் வைப்பதுபோல ஆட்களையும் காணம் வைத்திருக்கிறார்கள் என்றார். அப்படி நடந்திருக்குமா?
– வாசகர், சிற்றூர், பாலக்காடு

பதில்: நடந்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் நிலத்துக்கு வழங்கிய மூன்று சொற்களும் ஆளுக்கும் அப்படியே வழங்கின என்பதைப் புக்கானன் விளக்கமாக எழுதியிருக்கிறார்.

முதலாவது ஜன்மம். முழு விலையையும் பெற்றுக்கொண்டு ஆளை அடியோடு விற்றுவிடுவது இது. கணவனையும் மனைவியையும் தனித்தனியே விற்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. ஆனால் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும், உடன்பிறந்தாரை ஒருவரிடமிருந்து ஒருவரும் பிரித்து விற்கத் தடை இல்லை. இளம் வயதுக் கணவன் மனைவிக்கு 250 முதல் 300 பணம் (அன்றைய ஒரு நாணயம்) வரை விலை இருந்ததாக அவர் குறிக்கிறார்.

இரண்டாவது காணம். உடைமைக்காரர் ஆளின் மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடனாகப் பெற்றுக்கொண்டு ஆளை ஒப்படைப்பார். கடனுக்கு வட்டி கிடையாது. ஆளின் உழைப்பே வட்டி. உடைமை தம்மிடம்தான் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஆண்டுதோறும் சிறிதளவு நெல்லைப் பெற்றுக்கொள்வார். காணத்தில் இருக்கும்போது ஆள் இறந்துவிட்டால், அதே மதிப்புள்ள வேறோர் ஆளைக் கொடுக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதே. அடகு வைத்த நகை தொலைந்தால் என்ன பேசுவோமோ அதே பேச்சுதான் இது. பொருள் மட்டும் வேறு.

மூன்றாவது பாட்டம், அதாவது வாடகை. ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. சோறு போடுவது வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. இந்த இரண்டு எண்களையும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கணவன் மனைவியை ஆண்டுக்கு 12 பணத்துக்கு வாடகைக்கு விட்டால், விலைத்தொகை திரும்பி வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வாங்கியவர் அவர்களின் பிள்ளைகளையும் கணக்கில் வைத்துத்தான் வாங்கினார் என்று நினைக்கிறேன். காணமும் பாட்டமுமே மூன்றிலும் கொடியவை என்பது புக்கானனின் தீர்ப்பு. தமக்குச் சொந்தமில்லாத ஆளிடம் வேலையைக் கூட்டுவதிலும் உணவைக் குறைப்பதிலும்தான் எடுத்தவருக்கு ஆதாயம் என்று அவர் காரணமும் கூறுகிறார். ஆனால் அவரைப் பணியில் அமர்த்திய கம்பெனியே மலபாரில் நிலவரிப் பாக்கிக்காக அடிமைகளை விற்றுவந்தது. 1819-இல்தான் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது.

உங்கள் ஓலைக் கட்டைப் பற்றி ஒரு சொல். எண்ணெய் தடவுகிறேன், துடைக்கிறேன் என்று யாரும் முன்வந்தால் கொடுத்துவிடாதீர்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். பழைய கட்டுகளில் தமிழும் வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் எனப் பல எழுத்துமுறைகள் கலந்து வரும் என்பதால், படித்துச் சொன்னவர் தேர்ந்தவரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் ஓலைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அடிமைகளாக இருந்தவர்கள் புலையரும் பறையரும் மட்டும்தானா? வெள்ளாளரும் விற்கப்பட்டதாக ஒரு கூட்டத்தில் கேட்டேன்.
– வாசகர், செங்கோட்டை

பதில்: விற்கப்பட்டிருக்கிறார்கள். சோழ நாட்டில் திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு, பஞ்சக் கொடுமையால் வெள்ளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது, ஆண்டு 1201. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளிலும் அடிமை ஓலைகள் உள்ளன. பணிப்பெண்ணையும் அடிமைப்பெண்ணையும் குறிக்க வெள்ளாட்டி என்ற சொல் தமிழில் நெடுங்காலம் வழங்கியதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இதைக் கொண்டு எல்லாரும் ஒருபோலத் துன்பப்பட்டார்கள் என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பஞ்சத்தில் தம்மை விற்றவருக்கு ஒரு ஊரும் உறவும் முன்பு இருந்தன. வயல் அடிமைகளான புலையர், பறையர், செறுமர், குறவர் ஆகியோர் பிறக்கும்போதே பிறருடைய கணக்கில் பிறந்தார்கள். குழந்தை தாயின் உடைமைக்காரருக்கா, தந்தையின் உடைமைக்காரருக்கா என்பது மட்டுமே இடத்துக்கு இடம் மாறியது. 1836-இல் திருவிதாங்கூரில் எடுத்த குடிமதிப்பில் 12,80,668 மக்களில் 1,64,864 பேர் அடிமைகள். ஏறக்குறைய எட்டில் ஒருவர். உடைமைக்காரர்களில் அரசும் கோயில்களும் பிராமணரும் நாயரும் வெள்ளாளரும் சிரியன் கிறிஸ்தவரும் இருந்தனர்.

கேள்வி: என் பாட்டி சோற்றைக் கரிக்காடி என்று சொன்னதாக அம்மா கூறுவார். அது ஏதோ கேலிப்பேச்சு என்று நினைத்திருந்தேன். அதற்கும் அடிமைமுறைக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கேலி இல்லை, அம்மா, அது கட்டாயமாகப் பயில வைக்கப்பட்ட பேச்சு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரில் பணியாற்றிய சாமுவேல் மட்டீர் என்ற மிஷனரி இந்தச் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கிறார். புலையர் ஒருவர் மேல்சாதியார் முன்னிலையில் ‘நான்’ என்று சொல்ல முடியாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தம் சோற்றைச் சோறு என்னாமல் கரிக்காடி, அதாவது அழுக்குக் கஞ்சி, என வேண்டும். சாப்பிடப் போகிறேன் என்னாமல் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என விடை கேட்க வேண்டும். தம் வீட்டை மாடம் (இங்கே குடிசை என்று பொருள்) என்றும், பெற்ற பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிப்பிட வேண்டும். தம் கண்ணும் காதும்கூடப் பழங்கண், பழங்காதுதான். இவ்வளவையும் பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், மூச்சுக்காற்று எதிரே நிற்பவர் மேல் பட்டுவிடாமல். எதிரே என்றால் பக்கத்தில் என்று பொருள் கொள்ள வேண்டாம்; நம்பூதிரிக்குப் புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும் என்பது வழக்கம்.

ஒரு தாய், ஆண்டையின் முற்றத்துக்கு வெளியே நின்று, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஒரு நாள் விடுப்புக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் ‘அடியத்தியின் குரங்குக்குச் சுகமில்லை’ என்றுதான் தொடங்க வேண்டும். மட்டீரின் பட்டியலைப் படிக்கும் எனக்கு ஒவ்வொரு சொல்லிலும் இப்படி ஒரு குரல் கேட்கிறது. உங்கள் பாட்டி அந்தச் சொல்லை வீட்டுக்குள்ளும் ஏன் சொன்னார் என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை. பழக்கமாக இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். அவரோடு வாழ்ந்த உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் கோயிலில் நாம் ‘அடியேன்’ என்கிறோமே, அதுவும் அடிமைச் சொல்தானா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொல்லங்கோடு

பதில்: அடிமை ஓலைகளின் மொழியிலிருந்தே பக்தி மொழி அதை எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து. “நாமார்க்கும் குடியல்லோம்” என்று தொடங்கும் திருநாவுக்கரசர் அதே பாடலில் தம்மைச் சிவனுக்கு ‘மீளா ஆள்’ என்கிறார். மீட்கக்கூடிய ஆள், மீட்க முடியாத ஆள் என்ற வழக்குச் சொற்கள் கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த வரிக்கு வேகம் வரும்.

சுந்தரர் கதையை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து நின்று, மணமகன் தம் அடிமை என்கிறார். அவர் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையைச் சான்றாகக் காட்டுகிறார். சுந்தரர் பறித்துக் கிழித்தது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்றும் சொல்லி, வெண்ணெய்நல்லூர் அவையில் வழக்காடி வெல்கிறார். பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே அவையினர் தீர்ப்பளிக்கிறார்கள். சேக்கிழார் காலத்து அவை நடைமுறை இதில் அப்படியே தெரிகிறது. இதில் என் கண்ணில் படுவது, சுந்தரர் எழுப்பும் மறுப்பு. அந்தணர் வேறோர் அந்தணருக்கு அடிமையாவதை இன்றுதான் கேட்கிறோம், பித்தனோ நீ என்கிறார். மனிதர் மனிதருக்கு அடிமையாவதைக் குறித்து அங்கே யாருக்கும் வியப்பு இல்லை.

கேள்வி: அமெரிக்காவின் கருப்பின அடிமைகளோடு நம் வயல் அடிமைகளை ஒப்பிடலாமா? இங்கே சாட்டை இல்லை, கப்பல் இல்லை என்று என் நண்பர் வாதிடுகிறார்.
– வாசகர், பாறசாலை

பதில்: இரண்டும் இருந்தன என்று நண்பரிடம் சொல்லுங்கள். கொச்சியிலிருந்து டச்சுக்காரர்கள் அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். திருவிதாங்கூரில் பிடிக்கப்பட்ட சிறுவர்களும் பெரியவர்களும் கடல் வழியே வடக்கே கொண்டுபோகப்பட்டு, மர்டாக் பிரவுன் என்பவரின் அஞ்சரக்கண்டித் தோட்டத்தில் வேலைக்கு விடப்பட்டதை, வட மலபாரில் நீதிபதியாக இருந்த டி. எச். பேபர் 1811-12-இல் கண்டுபிடித்து அவர்களை விடுவித்தார். ஆயினும் அட்லாண்டிக் கடலைக் கடந்த வணிகத்தின் அளவு வேறு: ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள், அவர்களில் 18 லட்சம் பேர்வரை நடுக்கடலிலேயே மாண்டார்கள்.

வேலையை ஒப்பிடுவதுதான் பயன் தரும். கரீபியத் தீவுகளின் கரும்பாலைகளில் அறுப்புக் காலத்தில் இரவும் பகலும் செக்கு ஓடும். உருளைக்கு இடையே கரும்பைத் திணிப்பவர் தூக்கக் கலக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டால், உடல் முழுவதும் உள்ளே போகுமுன் கையை வெட்டுவதற்குப் பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருப்பார்கள். பருத்திக் காட்டில் கூட்டமாக நிறுத்தி வேலை வாங்கினார்கள். தென் கரோலினாவின் நெல் வயல்களில் மட்டும் முறை வேறு: ஓர் ஆளுக்கு இவ்வளவு நிலம் என்று அளந்து விடுவார்கள், பெரும்பாலும் கால் ஏக்கர். அதை முடித்தபின் எஞ்சும் பொழுது அவருடையது. அந்தப் பொழுதில் தமக்கென்று கொஞ்சம் பயிர் செய்தவர்கள் உண்டு. நம் பக்கத்து நெல் வயல்களில் இப்படி ஒரு எல்லைகூட இருந்ததாகத் தெரியவில்லை.

பாட்டத்துக்கு விடுவதும் அங்கே உண்டு. சார்ல்ஸ்டன் நகரத்தில் வாடகைக்குப் போகும் அடிமைகள் செம்புத் தகடு ஒன்றை அணிய வேண்டும்; அதில் ஆண்டும் எண்ணும், சுமையாள், வேலையாள் என்று தொழிலும் பொறித்திருக்கும். பிரடெரிக் டக்ளஸ், பால்டிமோர் துறைமுகத்தில் கப்பல் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை செய்து, நாளுக்கு ஒன்றரை டாலர்வரை ஈட்டி, வாரக் கடைசியில் அந்தப் பணத்தை உடைமைக்காரர் கையில் கொடுத்துவந்தார். 1838-இல் தப்பினார். உணவுக் கணக்கையும் அவரே எழுதியிருக்கிறார்: வளர்ந்த ஒருவருக்கு மாதம் எட்டுப் பவுண்டு பன்றியிறைச்சி அல்லது மீனும், ஒரு புஷல் சோளமாவும், வேலைக்குப் போகாத சிறுவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டுச் சட்டைகள், அவ்வளவுதான், அவை கிழிந்துவிட்டால் அடுத்த ஆண்டுவரை அம்மணம். கொத்து அளந்தவரும் சோளமாவு அளந்தவரும் சந்தித்திருந்தால் ஒருவர் கணக்கு மற்றவருக்கு உடனே புரிந்திருக்கும்.

ஒரு வேற்றுமை உண்டு. அங்கே விடுதலை பெற்றவர் ஊர்விட்டு ஊர் போனால், தோலின் நிறம் கூடவே போனது. இங்கே சாதி கூடவே போனது.

கேள்வி: 1855 அறிவிப்புக்குப் பிறகு மறுநாள் என்ன மாறியது?
– வாசகர், குழித்துறை

பதில்: வயலில் ஒன்றும் மாறவில்லை. காரணத்தை அறிவிப்பின் வாசகத்திலேயே காணலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் 1843-ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது, அடிமையின் சம்பாத்தியம் அவருக்கே உரியது, அவருக்கு இழைக்கும் குற்றமும் குற்றமே என்று சொன்னதே தவிர, அடிமை வைத்திருப்பதைத் தண்டனைக்குரியதாக ஆக்கவில்லை. மிஷனரிகள் 1847-இல் திருவிதாங்கூர் மன்னருக்கு மனுக் கொடுத்தார்கள். 1853-இல் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் மட்டும் விடுவிக்கப்பட்டார்கள். கொச்சி 1854-இலும், திருவிதாங்கூர் கொல்லம் ஆண்டு 1030 மிதுனத்தில், அதாவது 1855 ஜூன் 24-ஆம் நாளிலும், அந்த 1843 சட்டத்தின் வழியையே பின்பற்றின. உத்தரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அப்போது மன்னர். ஆண்டையின் பிடி நீங்கியது. நிலமோ விதைநெல்லோ குடியிருக்கச் சென்டு மண்ணோ கூடவே வரவில்லை. பசி எடுத்தவர் பழைய களத்துக்கே திரும்பிப் போனார்.

அறிவிப்புக்கு முன்பே ஒரு மாற்றம் வேறு திசையில் தொடங்கியிருந்தது. மல்லப்பள்ளியில் ஜார்ஜ் மாத்தன் என்ற பாதிரியார் அடிமைகளுக்குப் பள்ளி நடத்தி, 1854 செப்டம்பரில் தெய்வத்தான் என்ற அடிமைக்கு ஆபேல் என்று பெயரிட்டுத் திருமுழுக்குக் கொடுத்தார். பகல் முழுவதும் ஆண்டையுடையது என்பதால் அடிமைகளுக்குப் பாடம் இரவில்தான் நடக்க முடிந்தது. இப்படிப்பட்ட பள்ளிக் குடில்கள் தீக்கிரையானதும் உண்டு.

மெய்யான மாற்றத்தை அரை நூற்றாண்டு கழித்துப் புலையர் தலைவரான வெங்ஙானூர் அய்யன்காளி கொண்டுவந்தார். 1893-இல் புலையருக்குத் தடை செய்யப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியவர் அவர். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் தலைமையில் மக்கள் நின்றார்கள். மண்ணில் இறங்கிப் பழக்கமில்லாத நில உடைமைக்காரர்கள் தாமே நட்டுப் பார்த்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களின் அடுப்பு அணையாமல் இருக்க, கடற்கரை மீனவர்கள் அவர்களைத் தங்கள் தோணிகளில் சேர்த்துக்கொண்டார்கள். கொத்தைக் கூட்டிக் கேட்டு நின்ற வேலைநிறுத்தங்களைப் பற்றி நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்காக நாற்றைக் கீழே வைத்த விவசாயத் தொழிலாளர்களை உலக வரலாற்றில் வேறு எங்கும் நான் படித்ததில்லை.

பெண்கள் கதை இன்னும் பின்னால் வருகிறது. புலையப் பெண்கள் கல்லும் கண்ணாடியும் கோத்த மாலைகளைக் கழுத்து நிறைய அணிய வேண்டும், பொன்னோ வெள்ளியோ கூடாது. அந்தக் கல்லுமாலையை விட்டதற்காக 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கலகம் மூண்டு குடிசைகள் எரிந்தன. பிறகு கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூடிய கூட்டத்தில், அய்யன்காளி கேட்டுக்கொண்டபடி, பெண்கள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து மாலைகளை அறுத்து மேடைப் பக்கம் வீசினார்கள். நெல் அறுக்கும் அதே அரிவாள்.

கேள்வி: நாங்கள் நான்கு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். கங்காணி பிடித்துக்கொண்டுவந்த எங்கள் முன்னோரையும் அடிமைகள் என்று சொல்லலாமா?
– வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: சட்டப்படி சொல்ல முடியாது, அவர்களை யாரும் விற்கவில்லை, அவர்கள் பிள்ளைகள் பிறக்கும்போதே யாருக்கும் உடைமையாகவில்லை. அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் நீட்டினால், உண்மையில் விற்கப்பட்டவரின் துயரம் மங்கிவிடும் என்பது என் அச்சம். ஆனால் முன்பணம் என்ற கயிற்றை உங்கள் முன்னோர் அறிந்திருப்பார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, மலையேறியபின் அரிசி, கம்பளி என்று கடன் ஏறும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-ஆம் ஆண்டுச் சட்டம், முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடன் என்பது உரிமையியல் விவகாரம். அதற்குச் சிறை என்றால் அது எந்த வகைக் கடன்? பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பிந்தினால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை, ஆனால் கங்காணிக்குத் தலைக்காசு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் பழைய துண்டுச்சீட்டோ பற்றுச்சீட்டோ இருந்தால், அதன் படியை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்து வரும் இதழ்களில் அதைப் பற்றித் தனியே எழுதலாம்.

கேள்வி: வயநாட்டில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆட்களை ஏலம் விட்டார்களாமே?
– வாசகர், பந்தலூர்

பதில்: ஏலம் என்பதைவிட, ஆண்டு ஒப்பந்தம் என்பது சரியாக இருக்கும். மீன மாதத் திருவிழாவில் பணியர், அடியர் என்ற பழங்குடியினர் கூடுவார்கள். நில உடைமைக்காரர் நிற்புப்பணம் என்ற சிறு தொகையைக் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டுத் திருவிழாவரை அந்தக் குடும்பம் அவருடைய வயலில் நிற்க வேண்டும். காளியம்மன் சாட்சி, எனவே வாக்கு மீறினால் தெய்வக் குற்றம். எழுத்தும் இல்லை, ஓலையும் இல்லை. அறிவிப்பு, சட்டம் எல்லாம் வந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், 1970-கள் வரை, இது நடந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அடியர் என்ற பெயருக்கே அடிமை என்று பொருள். உங்கள் ஊர்ப் பணியக் குடிகளில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள்; நிற்புப்பணத்தைக் கையில் வாங்கியவர்கள் இன்னும் இருக்கக்கூடும்.